சூட்டில் அவிழும் மருந்துப் பொதியும் ஒரு கணக்குப் பாடமும்

சரக்கு தரமாக இருந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. அது உரிய கடைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் சிந்தினால் நட்டம். வேறிடத்தில் இறக்கினால் அதைவிட நட்டம். இதை வர்த்தகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்துகளின் பிரச்சினையும் ஏறக்குறைய இதுதான்.

டொக்ஸோரூபிசின் நீண்டகாலமாகப் பாவனையிலுள்ள ஒரு மருந்து. நாளத்தில் ஏற்றினால் அது கட்டிக்கு மட்டுமன்றி உடல் முழுவதும் போகிறது. முடி உதிர்கிறது. அளவு கூடினால் இதயமும் பாதிக்கப்படுகிறது. ஆகவே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து அனுப்பும் முறை வந்தது. ஒரு குமிழியின் பருமன் சுமார் 100 நனோமீற்றர். அதாவது 10,000 குமிழிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். இவ்வாறு தயாரான டொக்ஸில் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி கிடைத்தது.

அடுத்த கட்டம், பொதி உரிய இடத்தில் மட்டும் அவிழ வேண்டும் என்பதாகும். அமிலத்தன்மை, ஒளி, காந்தப் புலம் ஆகியவற்றால் அவிழும் பொதிகளை ஆய்வுகூடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான குமிழி சூட்டினால் அவிழ்வது. 37 பாகை செல்சியஸ் உடல் வெப்பத்தில் அது மூடியிருக்கும். சுமார் 40 பாகைக்கு மேல் போனால் மருந்தை வேகமாக வெளியே விடும். கட்டியை மட்டும் சூடாக்கினால் சரக்கு அங்கேயே இறங்கும்.

இதன் உரிமத்தைப் பெற்ற செல்சியன் என்ற அமெரிக்கக் கம்பனி, தேர்மோடொக்ஸ் என்ற பெயரில் ஈரல் புற்றுநோயாளர் 701 பேரிடம் அதைப் பரிசோதித்தது. எல்லோருக்கும் ரேடியோ அலைச் சூட்டினால் கட்டியைக் கருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு மாத்திரம் இந்த மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2013 ஜனவரி 31ஆம் திகதி முடிவு வெளியானது. எதிர்பார்த்த பலன் இல்லை. அன்றே பங்கின் விலை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது.

நமக்கு வேண்டிய பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கம்பனி பழைய கணக்கைத் திரும்பப் புரட்டியது. ஒரே கட்டி உள்ளவர்களில், 45 நிமிடமாவது சூடு கொடுக்கப்பட்ட 285 பேரை எடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. அதை நம்பி 556 பேரிடம் புதிய பரிசோதனை தொடங்கப்பட்டது. 2020 ஜூலையில், அதையும் நிறுத்துவது பற்றி யோசிக்குமாறு சுயாதீனக் கண்காணிப்புக் குழு சொன்னது. பங்கின் விலை மறுபடியும் பாதிக்கு மேல் விழுந்தது. 2022இல் கம்பனி தன் பெயரையே இமுனொன் என்று மாற்றிக்கொண்டது.

வருடம் முழுவதும் நட்டத்தில் ஓடிய கடையின் ஏட்டில் இலாபமான மூன்று மாதங்களை மட்டும் காட்டி ஒருவர் பங்கு கேட்டால் நாம் கொடுப்போமா? முடிவைப் பார்த்த பிறகு பொறுக்கியெடுத்த கணக்கு அடுத்து என்ன தேட வேண்டும் என்பதைக் காட்டலாம். பணம் போடுவதற்கு அது ஆதாரமாகாது.

தொழில்நுட்பம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒக்ஸ்போர்டில் 10 நோயாளரிடம் செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. வெளியிலிருந்து செலுத்திய மீயொலியால் கட்டியைச் சூடாக்கியபோது இதே மருந்து அங்கே கூடுதலாகச் சேர்ந்ததை அது காட்டியது. ஆனால் சரக்கு இறங்கியது வேறு, நோயாளி கூடுதல் காலம் வாழ்வது வேறு. இரண்டாவது நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே ‘நனோ’ மருந்துக் கம்பனியின் பங்கென்றோ முகவர் உரிமையென்றோ யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எதை வெற்றி என்று கொள்வதென முன்கூட்டியே எழுதி வைத்தார்களா? எந்த நாட்டில், எந்த நோய்க்கு அனுமதி கிடைத்திருக்கிறது? வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து, கடையை ஈடு வைத்தாவது புதிய சிகிச்சை பெறலாமா என்று யோசிப்பவர்களும் இதே கேள்விகளைத் தமது வைத்தியரிடம் கேட்கட்டும். நேர்மையான வைத்தியர் இதற்குக் கோபிக்க மாட்டார்.