விசிறி வாங்கியும் வியர்த்த கதை!

பேரம் பேசாமல் பொருள் வாங்கினால் எனக்கு ஜீரணமாகாது. ரங்கநாதன் தெருவில் தேறியவன் சார் நான்!

டோக்கியோ, அசகுசா கடைத்தெரு. ஒரு விசிறி, 1,320 யென். கால்குலேட்டரில் 1,000 என்று தட்டிக் காட்டினேன். கடைக்கார அம்மாள் சிரித்தபடி மறுபடி 1,320 என்று தட்டினார். விலைச்சீட்டில் பத்து சதவீத வரியும் அடக்கம். அங்கே சாதாரணக் கடைகளில் பேரம் என்ற பேச்சே இல்லையாம்!

சரியென்று 1,400 யென்னைக் கையில் நீட்டினேன். வாங்கவில்லை. சின்னத் தட்டு ஒன்றை நகர்த்தினார். காசை அதில்தான் வைக்க வேண்டும். அர்ச்சகர் தட்டில் போடுவதுபோல் பவ்யமாக வைத்தேன். (பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு, 2020 ஜூலையிலிருந்து சட்டமே அப்படி. கையோடு ஒரு துணிப்பை கொண்டு போங்கள்.)

மீதி 80 யென். 'வெச்சுக்குங்கம்மா' என்று பெரிய மனுஷத்தனமாக நடையைக் கட்டினேன்.

தெருக்கோடியில் பின்னால் காலடிச் சத்தம். அந்த அம்மாள்தான்! மூச்சிரைக்க ஓடி வந்து, மீதியை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கினார். டிப்ஸ் கொடுப்பதும் அந்த ஊரில் வழக்கமில்லை.

320 யென்னைக் குறைக்கப் பார்த்தவன் நான். 80 யென்னைத் திருப்பித் தர ஓடி வந்தவர் அவர்.

கையில் விசிறி இருந்தும் வியர்த்துக் கொட்டியது எனக்கு!