கொட்டாவி விட்டும் திறக்காத காது

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ 'பட்'டென்று திறந்துவிடும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, மூக்கின் பின்புறம் திறக்கும் குழாய் வழியே வெளியேறிச் சமமாகிறது. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

மலையிறங்கி இரண்டு வாரமாகியும் ஒரு காது மட்டும் திறக்கவில்லை என்றால்? அப்போது அடைப்பு செவிப்பறைக்கு முன்னால், காதுத் துளைக்குள்ளேயே இருக்கலாம். பெரும்பாலும் அது குறும்பி; மலையாளத்தில் 'செவிக்காயம்'. அபூர்வமாக, அது தோலில் முளைத்த ஒரு கட்டியாகவும் இருக்கும்.

காதுத் துளையின் உட்புறமும் தோல்தான். முகத்தில் மச்சமும் கழுத்தில் மருவும் வருவதுபோல அங்கும் வரும். பெரியவர்களுக்கு இந்தத் துளை சுமார் 2.5 செ.மீ. நீளம். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் ரோமங்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் குறும்பிச் சுரப்பிகளும் உண்டு. உள்ளே போனால் எலும்போடு ஒட்டிய மெல்லிய தோல். லேசாகப் பட்டாலே வலிக்கும்.

இந்தத் தோலுக்கு ஓர் அதிசய குணம் உண்டு. செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி, ஏறத்தாழ நகம் வளரும் வேகத்தில், அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. செத்த தோலும் குறும்பியும் தாமாக வெளியே வருவது இதனால்தான். வழியில் ஒரு மிளகளவு கட்டி இருந்தாலும் போதும். அதன் பின்னால் குப்பை தேங்கும், குளித்த தண்ணீர் நிற்கும், அரிக்கும், கேட்பது மங்கும்.

கட்டிகளில் பல வகை. சதை நிறத்திலோ கருப்பாகவோ உருண்டு நிற்பது மச்சம். காலிஃபிளவர் போலச் சொரசொரப்பாக இருப்பது பாலுண்ணி. ஹெச்பிவி என்ற வைரஸ் சிறு கீறல் வழியே நுழைந்து இதை உண்டாக்குகிறது. வயதானவர்களுக்குப் பழுப்பாக, ஒட்டவைத்ததுபோல ஒரு மரு வரும். சுரப்பி அடைத்து வீங்குவதும் உண்டு. இவை புற்றுநோய் அல்ல. காதுத் துளையில் புற்றுநோய் வருவது, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான்.

மச்சம் என்று நினைத்தது சில நேரம் உயிருள்ள உண்ணியாக இருக்கும். கால்நடையோடும் காட்டோடும் புழங்குகிறவர்கள் காதில் உண்ணி கடித்துத் தொங்குவது இலங்கையில் நன்கு பதிவான சங்கதி.

வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று நாமே சொல்ல முடியாது. ஹேர்பின்னும் தீக்குச்சியும் பட்ஸும் தோலைக் கிழிக்கும், குறும்பியை உள்ளே தள்ளும். காய்ச்சிய எண்ணெய் சுட்டுவிடும். மருத்துவர் விளக்கு வைத்த கருவியால் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தொல்லை தராத மச்சத்தை அப்படியே விடலாம். அடைக்கும் கட்டியைப் பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே எடுத்துவிடலாம். எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது மட்டும் கட்டாயம்.

ரத்தம், நாற்றமுள்ள சீழ், விடாத வலி, வேகமாகப் பெரிதாகும் கட்டி, முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

மூணாறுக்கும் குமுளிக்கும் இடுக்கியோ தேனியோ, வாளையாருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் பாலக்காடோ கோவையோ, தமிழக-கேரள எல்லைக்கு இருபுறமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கொட்டாவிக்குத் திறக்காத காதைக் குடையாதீர்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள்.