எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை சரளமாக வாசிக்க... வகுப்பறை விளையாட்டு எப்படி உதவும்?

“நா... ற்... று... நாற்று. ந... டு... ம்... நடும்.” மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருவழியாக வரியின் கடைசிக்கு வந்துவிடுகிறது. “என்ன படிச்ச, சொல்லு?” என்று கேட்டால் பதில் வருவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு நடவைப் பற்றித் தெரியாதா என்ன? எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் எல்லாம் போய்விட்டது. பொருளைப் பிடிக்க எதுவும் மிச்சம் இல்லை.

இது ஒரு வகுப்பின் கதை மட்டும் அல்ல. கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று ‘அசர்’ ஆய்வு நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் பத்தில் ஒருவர்தான். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் அது இருபதில் ஒருவராகக் குறைந்தது. 2024-ல் சுமார் 12 சதவீதம் என்று மீண்டது. மூன்றாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடமாக வந்துவிடும். வாசிப்பில் தடுக்கினால் எல்லாப் பாடத்திலும் தடுக்கும்.

சரளம் என்றால் வேகம் மட்டுமா?

இல்லை. பிழையில்லாமல், தேவையான வேகத்தில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பொருள் புரிந்து படிப்பதுதான் சரளம். மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். அதனால் எல்லா மொழிக்கும் ஒரே எண்ணைப் பொருத்திப் பார்க்க முடியாது. என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுகோல் வகுக்கப்பட்டது.

விளையாட்டு எதற்கு?

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கூட்டாமல் படிக்க வரும். சிறு பத்தி ஒன்றையே பலமுறை வாசிக்கவைக்கும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-ல் எழுதினார். பிரச்சினை, ஏழு வயசுப் பிள்ளையிடம் “அதையே நாலு தடவை படி” என்றால் ஓடிவிடும். அதே நாலு தடவையை அலுப்பில்லாமல் படிக்கவைப்பதுதான் விளையாட்டின் வேலை.

இதற்கு டெல்டாவிலேயே உதாரணம் உண்டு. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், 2022 ஜூன் 1 முதல் 12 வரை மாநிலம் முழுக்க வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியில் குழந்தை சத்தமாகக் கதை வாசிக்கும். சரியாகப் படித்தால் நட்சத்திரம் கிடைக்கும். அதில் முதலிடம் பிடித்தது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பக்கத்தில் இருக்கும் திருச்சி மாவட்டம் லால்குடி வட்டாரம்.

செல்போன் இல்லாமல் என்ன செய்யலாம்?

சொல் பாண்டி: தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சொல் எழுத வேண்டும். தாவுகிற குழந்தை ஒவ்வொரு சொல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போய், படித்துக்கொண்டே திரும்ப வேண்டும்.

ஜோடி அட்டை: வீட்டில் நாத்து, புத்தகத்தில் நாற்று. வீட்டில் சேத்துல, புத்தகத்தில் சேற்றில். பேச்சும் எழுத்தும் இப்படி வேறுபடுவது தமிழ்க் குழந்தைக்குக் கூடுதல் சுமை. ஒரு அட்டையில் பேச்சுச் சொல், இன்னொன்றில் எழுத்துச் சொல் எழுதி ஜோடி சேர்க்கச் சொல்லலாம்.

எதிரொலி: ஆசிரியர் ஒரு வரியை ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். பிள்ளைகள் வரியில் விரல் வைத்தபடி அப்படியே திரும்பச் சொல்வார்கள். அடுத்த சுற்றில் பாட்டி குரல், அதற்கடுத்து பஸ் கண்டக்டர் குரல்.

நாடக வாசிப்பு: கதையின் வசனங்களைப் பிரித்துக் கொடுத்து, தாளைப் பார்த்தே நடிக்கவைப்பது. ஒத்திகை என்ற பெயரில் ஒரே பகுதியைப் பலமுறை வாசித்துவிடுவார்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

‘தப்பாப் படிச்சா அவுட்’ என்று விதி வைப்பதில்தான். முதலில் வெளியே போவது தடுமாறும் குழந்தை. வாசிப்புப் பயிற்சி யாருக்கு அதிகம் வேண்டுமோ, அவர்களே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நன்றாகப் படிப்பவர்கள்தான் இன்னும் நன்றாகப் படிப்பார்கள். தப்பாகப் படித்தால் பக்கத்துப் பிள்ளை உதவ, திரும்பப் படித்துவிட்டுத் தொடரலாம் என்று விதியை மாற்றினால் போதும். போட்டி வேண்டும் என்றால், நேற்று ஒரு நிமிடத்தில் படித்ததையும் இன்று படித்ததையும் அந்தக் குழந்தையே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, மனப்பாடம். பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளை வாசிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

2022 ஜூன் 13-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டனர். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருந்த திட்டம், 2023-24-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. “எம்புள்ள எந்த நிலையில இருக்கு? தினமும் எத்தனை நிமிஷம் சத்தமா வாசிக்குது?” பள்ளிக்குப் போகும்போது இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்.

வீட்டில் பத்து நிமிடம் போதும். கும்பகோணம் பஸ்ஸில் போகும்போது அய்யம்பேட்டை, பாபநாசம் என்று ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் பிள்ளையையே படிக்கச் சொல்லலாம். பஸ் கடந்துபோவதற்குள் படித்துவிட வேண்டும் என்பதுதான் ஆட்டம். போகும்போது விட்டதைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்ளலாம்.