துணையை இழந்தவர் உடம்பையும் கவனியுங்கள்!

"ஒண்ணுமில்லை டாக்டர், வாயுத் தொல்லைதான். ஏதாவது சூரணம் கொடுங்க..."

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர். மனைவி இறந்து மூன்று மாதம். நாடி பார்த்துவிட்டு ரத்த அழுத்தமும் பார்த்தேன். எகிறிக் கிடந்தது!

"பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?"

தலை குனிந்தார். "அவதான் காபியோட எடுத்து வைப்பா. எது என்ன மாத்திரைன்னு எனக்கு எங்கே தெரியும்?"

நடந்தால் நெஞ்சில் பாரம் என்றும் சொன்னார். சூரணம் கொடுக்கவில்லை. உடனே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தக் குழாயில் அடைப்பு! நல்லவேளை, பிழைத்துக் கொண்டார்.

'மனசு உடைஞ்சு போச்சு' என்கிறோம். உடைவது மனசு மட்டுமில்லை.

முதல் ஆறு மாதம்

பிரிட்டனில் 1957-ல் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1969-ல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்திருந்தார்கள். மனைவியோடு வாழும் அதே வயது ஆண்களைவிட இது 40 சதவீதம் அதிகம். இதய நோயால்தான் இந்த ஏற்றம் மிகுதி. பிறகு ஆபத்து மெல்லக் குறைந்தது.

காரணம் என்ன? துக்கத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் சுரப்பு கூடுகிறது. துடிப்பு, பிரஷர், சர்க்கரை எல்லாம் ஏறும். தூக்கம் போகும், பசி மந்தமாகும். போதாக்குறைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் தவறும்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி பலமிழந்து உப்பிவிடும். ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடி போல இருப்பதால், ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் 'டாகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அறிகுறி மாரடைப்பு போலவே இருக்கும். எனவே நெஞ்சு வலித்தால் 'அழுததால வந்தது' என்று விட்டுவிடாதீர்கள்!

அழட்டும், விடுங்கள்

சித்த மருத்துவம் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. பசி, தாகம், தூக்கத்தோடு கண்ணீரும் அதில் ஒன்று! "ஆம்பளை அழலாமா?" என்று தடுக்காதீர்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

* பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வையுங்கள். பத்து நாளுக்குள் பிரஷர், சர்க்கரை பாருங்கள்.
* பசியில்லை என்றால் கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெறும் காபியில் பொழுதை ஓட்ட விடாதீர்கள்.
* கணவனை இழந்த அம்மாவை அறைக்குள் முடக்காதீர்கள். காலை வெயிலில் நடக்கட்டும். விசேஷங்களில் முன்னால் நிற்கட்டும்.
* தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சர்க்கரை, தைராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒத்துப்போகாமல் போகலாம். ஆண்களிடம் மது தலைகாட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.
* ஆறு மாதம் கடந்தும் எதிலும் பிடிப்பே வரவில்லையென்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'நானும் போயிடறேன்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசு இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

அந்தப் பெரியவர் இப்போது மாத்திரை டப்பாவோடுதான் வருகிறார். "அவ எழுதி வச்ச பால் கணக்கு நோட்டிலேயே மாத்திரைக் கணக்கும் எழுதறேன் டாக்டர்" என்றார். கண் கலங்கியது. நான் தடுக்கவில்லை.