வலுமானியைத் தேர்ந்தெடுத்தல்

வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம் வழியாக வடக்கு நோக்கிச் சைக்கிளிற் சென்ற நேயர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். மார்கழி மாதத்தில் வாடைக்காற்று எதிர்த்து வீசும்போது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர மறுக்கும். திரும்பி வரும்போதோ அதே காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். வேகத்தை மாத்திரம் குறித்துப் பயிற்சி செய்யும் இளைஞர், போகும்போது தாம் தளர்ந்துவிட்டதாகவும், வரும்போது வீரராகிவிட்டதாகவும் எண்ணி ஏமாறுவார். நாடித்துடிப்பும் வெயிலுக்கும் உறக்கக் குறைவுக்கும் ஏற்ப மாறிவிடும். கால்கள் செய்த வேலையை உள்ளபடி சொல்லுவது வலுமானி ஒன்றே. (தமிழ்நாட்டார் திறன் என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் வலு என்கின்றன.)

1986 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான உல்ரிச் ஷோபரர் இக்கருவியைச் சைக்கிளுக்கு ஏற்றவாறு அமைத்தார். மிதிக்கும்போது பெடலைத் தாங்கும் தண்டு கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகின்றது. அதன்மேல் ஒட்டிய நுண்ணிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறுகின்றது. அம்மாற்றத்தினின்று விசையை அறிந்து, சுழலும் வேகத்தோடு பெருக்கி வலுவைக் கணிக்கின்றார்கள். 170 மில்லிமீற்றர் தண்டின் நுனியில், சுற்று முழுவதும் சராசரியாக 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தி, நிமிடத்துக்கு 90 முறை சுற்றினால் ஏறத்தாழ 157 வாற்று கிடைக்கும்.

எதை வாங்குவது? நெல் விற்ற பணத்திற் சைக்கிளோட்டப் பயிற்சிக்கும் பங்கு ஒதுக்கும் வீட்டிலே இது சிறு கேள்வியன்று. பெடலில் அமைந்த கருவியை வண்டிக்கு வண்டி மாற்றலாம். ஆனால் வண்டி சரிந்தால் முதலில் அடிபடுவது அதுவே. பின்சில்லின் குடத்தில் அமைந்தது அச்சில்லோடு கட்டுண்டது. விலை குறைந்தது இடத்தண்டில் மாத்திரம் பொருத்துவது. அது ஒரு காலை அளந்து இரட்டிப்பாக்கும். 250 வாற்றில் இடக்கால் 120 மாத்திரம் தந்தால், கருவி 240 என்றே காட்டும்.

ஆயினும் தொடக்கநிலை வீரருக்கு நான் இதனையே சொல்லுவேன். 100 கிராம் குறைத்துக் காட்டும் தராசு என்றும் அதே 100 கிராமைக் குறைக்குமானால், எடை கூடியதா குறைந்ததா என்பதை அறியத் தடையில்லை. காலில் முன்பு காயம்பட்டு இருகால்களின் வலுவும் வேறுபடுவோருக்கு மட்டும் இது உதவாது. ஆப்பாணியால் இறுக்கிய பழைய வண்டித் தண்டுகளுக்கு இது பொருந்தாது என்பதையும் வாங்குமுன் கவனிக்க வேண்டும்.

வெப்பம் மாறினால் உலோகமும் மாறும். ஆதலால் வண்டியை வீட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நிறுத்தி, பெடலில் கால் வையாமல், கருவியின் பூச்சியத்தைச் சரிசெய்த பின்னரே புறப்படுக.