பரீட்சை பாட்டிக்கு, தயாராக வேண்டியது வீடு

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று திரையில் டாக்டர் கேட்கிறார். செல்போனுக்குப் பின்னால் நிற்கும் மகன் சத்தமில்லாமல் வாயசைக்கிறார். மருமகளின் கண் சுவர்க் காலண்டர் பக்கம் போகிறது. பேரனுக்குப் பொறுமையில்லை. "பாட்டி, நேத்துதானே புதன்கிழமைச் சந்தைக்குப் போனோம்!" என்று எடுத்துக் கொடுக்கிறான். பாட்டி "வியாழன்" என்கிறார். வீட்டுக்கு நிம்மதி. டாக்டருக்கு வேண்டியிருந்த தகவல் ஒன்று அந்த நிமிடத்தில் கைநழுவிப் போய்விட்டது.

குடும்பம் இதையெல்லாம் பாசத்தில்தான் செய்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் நஷ்டம். ஞாபகசக்திப் பரிசோதனையில் மார்க் தப்பாகக் கூடிப்போனாலும் நஷ்டம். இருக்கிற மறதி இல்லாததாகத் தெரியும், சிகிச்சை தள்ளிப்போகும். அதனால் வீடியோ வழியே நடக்கும் பரிசோதனைக்குத் தயாராக வேண்டியது பெரியவர் அல்ல. அறை, செல்போன், கூட இருப்பவர்கள் ஆகிய மூன்றும்தான்.

ஏன் வீடியோவில்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இதைக் கண்டறியும் நரம்பியல், மனநல, முதியோர் நல மருத்துவர்களில் பெரும்பாலோர் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். எண்பது வயதுக்காரரை பஸ் ஏற்றி, வரிசையில் உட்காரவைத்து, களைத்துப்போன நிலையில் கேள்வி கேட்டால் வரும் பதில் அவருடைய மூளையின் பதிலா, அலைச்சலின் பதிலா என்று பிரிப்பது கடினம்.

தமிழ்நாட்டுக்கு வீடியோ வழி மருத்துவம் புதிதல்ல. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு 2010-லேயே புதுக்கோட்டை மாவட்ட கிராமங்களுக்கு வீடியோ வசதியுள்ள பஸ்ஸை அனுப்பி, சென்னையிலிருந்தபடியே மருத்துவர்களைப் பேசவைத்தது. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்ப்பது நாடு முழுவதும் முறைப்படுத்தப்பட்டது.

நேரில் செய்வதும் வீடியோவில் செய்வதும் ஒன்றாகுமா? டெக்சாஸில் ஆய்வாளர் மன்ரோ கல்லம் குழுவினர் 202 பேரை இரண்டு விதமாகவும் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மதிப்பெண்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. பேச்சில் கேட்டுப் பேச்சில் பதில் சொல்லும் கேள்விகள் திரைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. கையால் செய்து காட்ட வேண்டியவற்றுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

டாக்டர் எதைப் பார்க்கிறார்?

முதலில் சாதாரணப் பேச்சு: எங்கே வேலை பார்த்தீர்கள், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. பிறகு கேள்விகள். 1975-இல் வந்த எம்எம்எஸ்இ, 2005-இல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்த மோகா ஆகிய இரண்டும் முப்பது மதிப்பெண் சோதனைகள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விரிவான நரம்பு உளவியல் சோதனை என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

நாள், மாதம், ஊர் கேட்பார்கள். சில சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். எண்களைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் வருகிறது என்று எண்ணுவார்கள். கடிகாரம் வரைந்து, சொன்ன நேரத்துக்கு முள் போடச் சொல்வார்கள்.

இங்கே சரியா தப்பா என்பதைவிட, எப்படித் தப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியவருக்கு ஒரு சொல் ஞாபகம் வரவில்லை. "அது ஒரு பழம்" என்று மருத்துவர் குறிப்புக் கொடுத்ததும் சட்டென்று சொல்லிவிட்டால், அந்தச் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம் என்று பொருள். குறிப்புக் கொடுத்தும், நான்கைந்து பெயர்களைச் சொல்லி இவற்றில் எது என்று கேட்டும் வரவில்லையென்றால், அது பதியவே இல்லை. அல்சைமர் நோயில் பெரும்பாலும் காணப்படுவது இந்த இரண்டாவது வகை. மனச்சோர்வு உள்ளவரோ முயன்று பார்க்காமலே "தெரியலை, விடுங்க" என்று ஒதுங்கக்கூடும். எப்போது குறிப்புக் கொடுப்பது, எந்தக் குறிப்பு, எத்தனை விநாடி காத்திருப்பது என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. பக்கத்திலிருந்து ஒருவர் முந்திக்கொண்டால் இந்த வித்தியாசம் முழுவதும் அழிந்துபோகும்.

முன்கூட்டியே பயிற்சி கொடுப்பதும் இதே தவறுதான். 2018-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் மோகா சோதனையில் முப்பதுக்கு முப்பது எடுத்தார் என்ற செய்தி வந்தபோது, கேள்வித்தாளே உலகமெங்கும் படமாகச் சுற்றியது. அதைத் தேடி எடுத்துத் தாத்தாவுக்கு மனப்பாடம் செய்விக்காதீர்கள். ஒரே தாளை மறுபடி பார்த்தால் பழக்கத்தினால் மதிப்பெண் ஏறும். மோகாவில் மாற்று வினாத்தாள்கள் இருப்பதே அதற்காகத்தான். சமீபத்தில் வேறு மருத்துவர் இதே சோதனையைச் செய்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறையும் செல்போனும்

முதல் வேலை, தினசரி காலண்டரைக் கழற்றி வைப்பது. நம் வீடுகளில் அது பெரிய எழுத்தில் தேதியையும் கிழமையையும் கண்ணெதிரே காட்டிக்கொண்டிருக்கும். சுவர்க் கடிகாரமும் அன்றைய செய்தித்தாளும் கண்ணில் படக்கூடாது. ஆனால் அன்று காலை எப்போதும்போல அவர் பேப்பர் படிக்கட்டும், தேதி கிழிக்கட்டும்; அவருடைய வழக்கத்தை மாற்ற வேண்டாம்.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் டாக்டருக்கு நிழல்தான் தெரியும். டிவி, குக்கர், மிக்ஸி ஓடாத நேரம் பார்த்துத் தொடங்குங்கள். மின்விசிறி சத்தம் போடுவதானால் வேறு அறை.

செல்போனைவிட டேப்லெட்டோ லேப்டாப்போ நல்லது. செல்போன்தான் என்றால் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும்; கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் மொபைல் டேட்டா கைவசம் இருக்கட்டும். நடுவில் வேறு அழைப்பு மணி அடிக்காதபடி அமைத்துவிடுங்கள். முதல் நாளே உறவினர் ஒருவருக்கு வீடியோ கால் போட்டு, பெரியவருக்குக் காதில் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். சோதனையின் நடுவே சத்தம் விட்டுப்போனால் உடனே டாக்டரிடம் சொல்வதுதான் முறை. காதில் விழாத எண்ணைத் திருப்பிச் சொல்லாததை மறதி என்று எழுதிவிடக் கூடாது.

மூக்குக்கண்ணாடி, காது மிஷின், அதற்குப் புது பேட்டரி, கோடு போடாத வெள்ளைத்தாள், பேனா, எழுத ஒரு அட்டை ஆகியவை மேசையில் தயாராக இருக்கட்டும். மருத்துவர் முன்கூட்டியே தாள் அனுப்பியிருந்தால் அதை அச்செடுத்து மூடி வையுங்கள். வரைந்து முடித்ததும் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டி, கேட்டால் படமெடுத்து அனுப்பி, தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

நேரம் அவருக்குத் தெளிவாக இருக்கும் நேரமாக இருக்க வேண்டும். பலருக்கு அது காலைப் பலகாரத்துக்குப் பிறகு. சர்க்கரை நோய் உள்ளவரைப் பசியோடு உட்காரவைக்காதீர்கள். வழக்கமான மாத்திரைகளைப் பரிசோதனைக்காக நிறுத்தவும் கூடாது. என்ன சாப்பிட்டார் என்று சொன்னால் போதும்.

மாத்திரை டப்பாவும் ஒரு தாளும்

"மறதி ஜாஸ்தியா இருக்கு டாக்டர்" என்பது மருத்துவருக்கு உதவாது. "ஆறு மாதமாகக் கேட்டதையே கேட்கிறார். இரண்டு முறை காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டார். ஏடிஎம் ரகசிய எண் மறந்துவிட்டது. கோயிலிலிருந்து திரும்பும்போது தெரு மாறிப் போனார்" என்பது உதவும். எப்போது தொடங்கியது, படிப்படியாக வந்ததா, திடீரென்று வந்ததா, பென்ஷன் கணக்கு, சமையல், குளியல் இவற்றில் எதை இன்னும் தானே செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எத்தனை வகுப்பு படித்தார், என்ன வேலை பார்த்தார், வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்பதும் வேண்டும். தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசி வளர்ந்தவரைத் தமிழில் மட்டும் சோதித்தால் கணக்கு மாறலாம்.

மாத்திரைகளை எழுதுவதைவிட டப்பாவோடு கொண்டுவந்து அட்டைகளைக் காட்டுவது மேல். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் மூளையை மந்தமாக்கக் கூடியவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு உண்டு; அந்தக் குறையும், தைராய்டு குறையும், சோடியம் குறைவும், மனச்சோர்வும் மறதிநோய்போலவே தோற்றம் காட்டும். இவை சரிசெய்யக் கூடியவை.

அவர் முன்னிலையில் சொன்னால் கூசிப்போவார் என்று தோன்றும் விஷயங்களை இந்தத் தாளில் எழுதி முன்னதாகவே அனுப்புங்கள். "அடுப்பை அணைக்கலைன்னு சொல்லும்மா" என்று அவர் எதிரிலேயே பட்டியல் போடாதீர்கள்.

கூட இருப்பவர்

அறையில் ஒருவர் போதும். கருவியைக் கவனிக்க, தாளை எடுத்துத்தர, கீழே விழாமல் பார்த்துக்கொள்ள அவர் வேண்டும். பெரியவரின் கண்ணில் படாதபடி சற்றுப் பின்னால், ஆனால் டாக்டருக்குத் தெரியும்படி உட்காரட்டும். முகத்தைப் பார்த்தே பதில் சரியா என்று தெரிந்துகொள்ளும் வயது அது. எதையும் குறித்துக் கொடுக்கவோ, பெரியவர், டாக்டர் இருவர் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்யவோ வேண்டாம்.

பெரியவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சும்மா பேசப்போறார்" என்று ஏமாற்றினால் முதல் கணக்கிலேயே கோபம் வரும். "பிரஷர் பார்க்கிற மாதிரி ஞாபகத்தையும் பார்க்கப்போறாங்க அப்பா. சிலது சுலபம், சிலது எல்லாருக்குமே கஷ்டம்" என்றால் போதும். வேண்டாம் என்றால் வேறொரு நாள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதும் பென்சிலால் கனசதுரம் வரைவதும் படிப்பின் சோதனையாகவும் ஆகிவிடும். இதனால்தான் ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்காக எம்எம்எஸ்இ-யை இந்தியில் மாற்றி அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட முறையில் முதியவருக்குத் தனியாகவும், அவரை அறிந்தவருக்குத் தனியாகவும் கேள்விகள் உண்டு. உங்கள் பாட்டி படித்தவர் இல்லையென்றால், அதற்கேற்ற சோதனை எது என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

திரை போதாத நேரம்

சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ திடீர்க் குழப்பம், காய்ச்சலோடு உளறல், விழுந்து தலையில் அடி, ஒரு பக்கம் பலவீனம், வாய் குழறல் என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம், அதிகக் காதுமந்தம் உள்ளவர்களையும் நேரில் பார்ப்பதே நல்லது. முதியோர் சேவைகள் பற்றிய வழிகாட்டலுக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன.

மதிப்பெண் மட்டும் நோயின் பெயரைச் சொல்லாது. மோகாவில் 26-க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், நேரடிப் பரிசோதனை இவற்றுக்குப் பிறகே முடிவு. ஆனாலும் எந்தச் சோதனை, எத்தனை மதிப்பெண், எந்தத் தேதி என்று கேட்டு ஃபைலில் எழுதி வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி செய்யும்போது, இறங்கியிருக்கிறதா, அப்படியே நிற்கிறதா, பி12 ஊசிக்குப் பிறகு ஏறியிருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிடப்போவது இந்த எண்ணோடுதான். பேரன் சொல்லிக் கொடுத்த "வியாழன்" அதில் கலந்திருந்தால், அடுத்த வருடக் கணக்கும் தப்பாகும்.