உங்களுக்குத் தெரியுமா? குருதியில் வரும் முறை

◆ ஐஸ்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம்தான். நம் ஊவா மாகாணத்தில் 2012 கணக்கெடுப்பிலேயே பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேல். ஆனால் பரம்பரை அலகு ஆராய்ச்சி என்றால் உலகம் அந்தக் குளிர் தீவுக்குத்தான் ஓடுகிறது. வேறொன்றுமில்லை, 1703இலேயே பெயர் பெயராக எழுதிவைத்த குடிக்கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

◆ நம் பக்கத்திலும் சங்கதி உண்டு. இலங்கையின் பழங்குடிகளான வேடர்கள் வாழும் தம்பானை பதுளை மாவட்டம்தான். வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரையோரச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என 271 பேரின் இழைமணி டீ.என்.ஏ.யை ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. தாய்வழியில் மட்டும் இறங்கும் சரடு இது. வேடர் தனியே விலகி நின்றார்கள். மற்ற நான்கு பிரிவினரும் ஒருவருக்கொருவர் நெருங்கியே இருந்தார்கள். தேர்தல் மேடையில் இதைச் சொன்னால் கைதட்டு விழாது!

◆ 1950களில் வேடர்களின் குருதியைச் சோதித்தவர்கள் ‘ஈமோகுளோபின் ஈ’ என்ற வகையைக் கண்டார்கள். தாய்லாந்து, கம்போடியாப் பக்கம் மிகுதியாகக் காணப்படுவது அது.

◆ அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முன்பின் தெரியாதவர்களைத் தேடிப்போகவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று தன் ஊர், தன் சொந்தபந்தம் பார்த்தே ஆள் கட்டினார். ஆகவே ஒரு லயத்தில் குடியேறியது முழுத் தமிழகத்தின் கலவையல்ல, இரண்டு மூன்று கிராமங்களின் துண்டு. அப்படி வந்த சிலரில் ஒருவரிடம் அரிய மாற்றம் ஒன்று இருந்தால், பேரன் பேத்தி காலத்தில் அந்த இடத்தில் அது அரியதாக இராமல் போகலாம். ‘நிறுவுனர் விளைவு’ என்பார்கள். ஐஸ்லாந்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் ஒரு மாற்றம், டீ.என்.ஏ.யில் ஐந்தே எழுத்து விடுபட்டது, இப்படித்தான் பரவியிருக்கிறது.

◆ அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பரம்பரை அலகுகளைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அது நாலில் ஒன்று. முறை என்று நாம் பார்ப்பதை வேடர்களும் பார்த்தார்கள். மாமன் மகள், அத்தை மகள் கட்டும் வழக்கம் அவர்களிடமும் இருந்ததை வேடர்களை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911இலேயே எழுதினார்கள்.

◆ தலசீமியா பரம்பரையாக வரும் குருதி நோய். இலங்கைத் தலசீமியா நோயாளர்களிடம் பல வகையான மாற்றங்களைக் கண்டதாக 2000இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் மூன்றே மூன்று, மேலே சொன்ன ‘ஈ’ உட்பட, பெரும்பாலானோரின் நோய்க்குக் காரணம். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்றவர் ‘காவி’; அவருக்கு நோய் இல்லை. கணவன், மனைவி இருவரும் காவிகள் என்றால்தான் வில்லங்கம்: ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது.

◆ கிளினிக்கில் கீழிமையை இழுத்துப் பார்த்து, “வெளிறிப்போயிருக்கு புள்ள” என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். தோட்டத்தில் பலருக்கு அது உண்மையாகவே இரும்புக் குறைதான். மாதக்கணக்கில் விழுங்கியும் குருதி அறிக்கைத் துண்டில் ‘எம்.சி.வி.’ என்ற எண் 80க்குக் கீழேயே நின்றால், தலசீமியா காவியா என்று டாக்டரிடம் கேளுங்கள். உறுதிப்படுத்த எச்.பி.எல்.சி. சோதனை இருக்கிறது. கலியாணம் பேசுமுன் இரண்டு வீட்டாரும் செய்துகொண்டால் இன்னும் நல்லது.